யானைக் கட்சிக்கு ஆள் கிடைக்கவில்லை

அமெரிக்காவில் எனக்கு ஒரு சொந்தக்காரர்கூட இல்லை. யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் இது கொஞ்சம் அதிசயம்தான். என் ஆட்கள் எல்லோரும் கனடாவிலும் லண்டனிலும் இறங்கிவிட்டார்கள், நான் மட்டும் ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்தேன். அமெரிக்க மண்ணை நான் மிதித்ததில்லை, இனி மிதிக்கும் எண்ணமும் இல்லை. அப்படியிருந்தும் அந்த நாட்டுக் கட்சிகளைப் பற்றிய ஒரு வாதத்தில், இந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே நல்ல சினேகிதியை இழந்தேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று இவ்வளவு நாளும் யாரிடமும் சொல்லவில்லை.

அவள் மலேசியாக்காரி. ஈப்போவில் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவத் தமிழ்ப் பெண், என்னைவிட ஐந்து வயது இளையவள். ஆக்லாந்தின் தெற்கே தகனினி என்ற புறநகரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. இருவருக்கும் வேலை விரி என்ற தொழிற்சாலைப் பகுதியில். எனக்கு ஒரு பெரிய பண்டகசாலையில் லொறிகளுக்கு நேரம் ஒதுக்கும் வேலை, அவளுக்கு இரண்டு வீதி தள்ளி ஓர் உணவுத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. ஒரு வாரம் என் கார், மறு வாரம் அவள் கார் என்று பதினைந்து வருடம் சேர்ந்து போய் வந்தோம். தூரம் அதிகமில்லை. ஆனால் காலையில் மோட்டார்வேயில் ஏறிவிட்டால் நத்தை வேகம்தான், அதனால் கதைக்க நிறைய நேரம் கிடைத்தது.

காரில் ரேடியோ ஓடும். உலகச் செய்தி என்றால் பாதி அமெரிக்காவாகத்தான் இருக்கும். அப்படித்தான் அந்தப் பேச்சு எங்களுக்குள் வந்தது. அவள் ஊரில் அரசியலை வெளியில் பேச மாட்டார்களாம். என் ஊர் அரசியலைப் பேசினால் எனக்கு அன்று முழுவதும் மனம் சரியிருக்காது. நியூசிலாந்து அரசியலிலோ வீட்டு விலை, மோர்ட்கேஜ் வட்டி, பஸ் பாதை என்று வீட்டுக் கவலையே திரும்ப வரும். அமெரிக்கா ஒன்றுதான் எங்கள் இருவருக்கும் சொந்தமில்லாமல் இருந்தது. அதைப் பற்றி வாய் வலிக்கக் கதைக்கலாம், யாருக்கும் நோகாது என்று நினைத்தோம்.

அந்த நாட்டின் இரண்டு பெரிய கட்சிகளில் குடியரசுக் கட்சிக்கு யானை சின்னம், ஜனநாயகக் கட்சிக்குக் கழுதை. நாங்கள் யானைக் கட்சி, கழுதைக் கட்சி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நான் முதல் நாளிலிருந்தே கழுதையின் பக்கம். ஏன் என்று அவள் ஒரு தடவை கேட்டாள். கொள்கை, சமத்துவம், சிறுபான்மையினர் உரிமை என்று அடுக்கினேன். உண்மைக் காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. எங்கள் நாட்டிலும் யானைச் சின்னத்தில் ஒரு கட்சி உண்டு. எண்பத்து மூன்றில் அதுதான் ஆட்சியில் இருந்தது. அந்த ஆடி மாதம் கொழும்பில் எங்கள் வீடு எரிந்தது, நாங்கள் அகதிகளாகக் கப்பலேறி யாழ்ப்பாணம் போனோம். எனக்கு அப்போது பதினாறு வயது. அதன் பிறகு வாக்குச்சீட்டில் யானையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அமெரிக்க யானை என்ன பாவம் செய்தது என்று நான் யோசித்ததே இல்லை. முதலில் வெறுத்தேன், பிறகுதான் வெறுப்பதற்கான காரணங்களைப் புத்தகத்தில் தேடினேன்.

தேடியபோது கிடைத்தது எனக்கு வசதியாக இல்லை. அடிமை முறையை ஒழித்தது யானைக் கட்சியின் ஜனாதிபதி. அதன் பிறகு நூறு வருடத்துக்குக் கிட்ட, தென் மாநிலங்களில் கறுப்பு மக்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம், தனி இருக்கை, தனித் தண்ணீர்க் குழாய் என்று சட்டம் போட்டு வைத்திருந்தது என் செல்லக் கழுதைக் கட்சி. பிறகு காலம் மாறியது. கழுதைக் கட்சியின் வேறொரு ஜனாதிபதி சம உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். கோபித்துக்கொண்ட தெற்கத்தி வெள்ளையர்கள் கொஞ்சம் கொஞ்சமாக யானையின் பக்கம் போனார்கள். இரண்டு குடும்பங்கள் வீடு மாறிக் குடியேறியதுபோல் கட்சிகள் மாறின, வாசல் பலகை மட்டும் பழையபடியே இருந்தது. மதிய உணவு நேரத்தில் நூலகப் புத்தகத்தில் வாசிப்பதை மறுநாள் காலை காரில் அவளுக்கு வகுப்பு எடுப்பேன். வகுப்பு எடுப்பது என் பிறவிக் குணம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது இங்குள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அவள் சும்மா கேட்டுக்கொண்டிருப்பவள் இல்லை. ஒவ்வொன்றுக்கும் மறுகேள்வி வைத்திருப்பாள். நான் கழுதையைத் தூக்கினால் அவள் கீழே இறக்குவாள். நான் யானையைத் திட்டினால், "அப்படி ஒரேயடியா சொல்லாதீங்கக்கா, அவங்களுக்கும் ஒரு நியாயம் இருக்கும்லா" என்பாள். யானைக் கட்சிக்காரி என்று அவளைக் கிண்டல் செய்வேன். உண்மையில் அவளுக்குக் கட்சியே கிடையாது. கறுப்பினத்தவர் ஒருவர் முதன்முறையாக அங்கே ஜனாதிபதியான அன்று வேலை முடிந்து காரில் ஏறியபோது எனக்கு முன்னே அழுதவள் அவள்தான். மறுநாள் வீட்டில் செய்த கறி பஃப் கொண்டுவந்தாள். பதினைந்து வருடத்தில் ஒரு காலைகூட அவள் நான் சொன்னதை அப்படியே ஒத்துக்கொண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அந்தக் காலைகளுக்காகவே நான் வேலைக்குப் போனேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு நாள் மாலை, வீடு திரும்பும் வழியில் எங்கேயோ விபத்து. வாகனங்கள் அசையவில்லை. அவள்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். கையை ஸ்டியரிங்கில் வைத்தபடி நேரே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. ஹென்டர்சன்ல என் மக ஒரு பொண்ணோட தங்கியிருக்கால்ல, அது வெறும் ஃப்ரெண்ட் இல்லையாம். அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து வாழுறாங்களாம். அவளே சொல்லிட்டா."

"சரி, அதுக்கென்ன?" என்றேன்.

"அதுக்கென்னன்னு கேட்டா என்ன சொல்றது. நான் சபைக்குப் போறவ. சின்ன வயசுலேர்ந்து ஒண்ணு சொல்லிக் கொடுத்திருக்காங்க. பதினோரு நாளாச்சு. போன்ல சாப்டியான்னு கேக்குறேன், வெச்சிடுறேன். வேற பேச்சு வர மாட்டேங்குது."

அந்த இடத்தில் ஒரு நல்ல சினேகிதி என்ன செய்திருப்பாள்? அவள் கையைப் பிடித்திருப்பாள். குறைந்தது வாயை மூடிக்கொண்டாவது இருந்திருப்பாள். நான் வகுப்பு எடுத்தேன்.

"இந்தக் காலத்திலையும் நீர் இப்பிடிக் கதைக்கிறீரே. இந்த நாட்டிலை சட்டமே வந்திட்டுது. பெத்த பிள்ளையை விடச் சபை பெரிசோ? உம்மட இடத்திலை நானெண்டால் அண்டைக்கே ரெண்டு பேரையும் வீட்டை கூப்பிட்டுச் சோறு போட்டிருப்பன்."

"போட்டிருப்பீங்கக்கா. எனக்குக் கொஞ்சம் டைம் வேணும்" என்றாள்.

எனக்குப் பிள்ளைகள் கிடையாது. இல்லாத பிள்ளைக்குப் பெருந்தன்மையாக இருப்பது எவ்வளவு லேசு என்று அன்று எனக்கு உறைக்கவில்லை. பாதை திறந்தது, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினாள். அதன் பிறகு அவள் மகளைப் பற்றி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிரச்சினை என் புத்திமதியில் தீர்ந்துவிட்டது என்று நினைத்திருப்பேன்.

எங்கள் சங்கத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இலங்கைத் தமிழர், தமிழ்நாட்டுத் தமிழர், மலேசியா சிங்கப்பூர்த் தமிழர் எல்லோரும் அதில் இருக்கிறோம். அதனால் ஒரு கட்டாய விதி உண்டு: மேடையில் ஊர் அரசியல் பேசக் கூடாது. முன்பு இரண்டு தடவை பேசி, இரண்டு தடவையும் சங்கம் உடையப் பார்த்தது. ஆனால் பொங்கல் விழாவுக்குப் பட்டிமன்றம் இல்லாவிட்டால் சனம் வராது. மாமியாரா மருமகளா, காதல் திருமணமா பேசிச் செய்த திருமணமா என்று வருடாவருடம் அதையே அரைத்துச் சலித்துப்போயிருந்தது. செயற்குழுவில் நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். யாருக்கும் சொந்தமில்லாத அரசியல் ஒன்று இருக்கிறதே, அதைப் பேசுவோம் என்றேன். 'சகிப்புத்தன்மையில் முன்னிற்பது யானையா, கழுதையா?' என்று தலைப்பு வைத்தோம். எல்லோரும் கைதட்டினார்கள். என்னையே நடுவராகவும் போட்டார்கள்.

கழுதை அணிக்கு ஒரே மாலையில் மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள், நாலாவது ஆளை வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு வாரம் கழித்துச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். மதுரைப் பக்கத்துக்காரர், பொறுமையான மனிதர்.

"மேடம், யானைக்கு ஆளே கிடைக்கல. ரெண்டு பேரைக் கெஞ்சி வெச்சிருக்கேன். தலைமையா பேச ஒருத்தர் வேணும். கேட்டா எல்லாரும் ஓடுறாங்க. அந்தப் பக்கம் பேசினா நம்மளைத் தப்பா நினைப்பாங்கன்னு பயப்படுறாங்க."

சகிப்புத்தன்மையைப் பற்றிய பட்டிமன்றத்தில் ஒரு பக்கத்துக்குப் பேசவே ஆட்களுக்குப் பயமாக இருந்தது. அதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். எனக்கு விழா நடக்க வேண்டும், நான் நடுவராக உட்கார வேண்டும், அவ்வளவுதான். மறுநாள் காரில் அவளிடம் கேட்டேன்.

"வேணாம்க்கா. நான் சபைக்குப் போறது எல்லாருக்கும் தெரியும். நான் அந்தப் பக்கம் பேசினா, இவ நெஜமாவே இப்படித்தான்னு முத்திரை குத்திடுவாங்க" என்றாள்.

"பட்டிமன்றம்தானே. தந்த பக்கத்துக்குத்தானே கதைக்கிறது. தொடங்கேக்கையே நான் அதைச் சொல்லிப்போடுவன். நடுவராய் நான்தானே இருக்கிறன், யோசியாதையும்."

"நீங்க சொல்லிடுவீங்கல்ல?"

"ஓம், சொல்லுறன்."

எனக்காகத்தான் அவள் ஒப்புக்கொண்டாள். மூன்று வாரம் இரவல் புத்தகமும் குறிப்பும் என்று அவள் படித்ததை நான் பார்த்தேன். காரில் என் வாயைக் கிளறி, பழைய கதைகளைத் திரும்பச் சொல்ல வைத்துக் குறித்துக்கொண்டாள். தன் ஆயுதத்தை என்னிடமே தீட்டுகிறாள் என்று நான் சிரித்தேன்.

பொங்கல் விழா ஒரு சனிக்கிழமை மதியம், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. சாப்பாடு முடிந்து இருநூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். இந்தியர், இலங்கையர், மலேசியர் என்று வழக்கம்போல் வரிசை பிரிந்து இருந்தார்கள். மலேசியர் வரிசையில் அவள் சபைக்குப் போகும் பெண்கள் நாலைந்து பேர். நான் புதுச் சேலை கட்டி, தொண்டையைச் செருமி, ஒலிவாங்கியைப் பிடித்தேன். யானைக்கு மதம் பிடிக்கும், கழுதைக்குக் காகிதம் பிடிக்கும் என்று நடுவர்களுக்கே உரிய கடி ஜோக்குகள் வைத்திருந்தேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பேச்சாளர்கள் தங்களுக்குத் தரப்பட்ட பக்கத்துக்காகப் பேசுகிறார்கள், அது அவர்களுடைய சொந்தக் கருத்தல்ல என்று சொல்வது நடுவரின் வழக்கம். இரண்டே வரி. நான் அவளுக்கு வாக்குக் கொடுத்த இரண்டு வரி. அதைச் சொல்ல மறந்துவிட்டேன். மறந்தேன் என்றுதான் நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். என் முன்னால் இருந்த தாளில் அது எழுதியிருந்தது.

கழுதை அணி வழக்கம்போல் முழங்கியது. அவள் கடைசியில் எழுந்தாள். அவ்வளவு நன்றாகப் பேசுவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, நானும்தான். அடிமை முறையில் தொடங்கினாள். தனித் தண்ணீர்க் குழாய் வைத்தது யார் என்று கேட்டாள். சம உரிமைச் சட்டத்துக்கு யானைக் கட்சியில் பெரும்பாலோர் கைதூக்கியபோது கழுதைக் கட்சியின் தெற்கத்தி உறுப்பினர்கள் நாள்கணக்காக எழுந்து நின்று எதிர்த்துப் பேசியதைச் சொன்னாள். எல்லாம் நான் காரில் சொல்லிக்கொடுத்தவை. பிறகு நான் சொல்லாத இடத்துக்குப் போனாள்.

"என் பக்கமும் சுத்தம் இல்லைங்க" என்றாள். "பேச்சு சுதந்திரம்னு சொல்லிட்டே பள்ளிக்கூடத்து நூலகத்துலேர்ந்து புத்தகத்த எடுக்குறவங்க என் பக்கம் இருக்காங்க. அந்தப் பக்கம் என்னன்னா, ஒரு காலத்துல பல்கலைக்கழகத்துல பேச விடுங்கன்னு போராடினவங்களோட பேரப்பிள்ளைங்க, இப்ப பிடிக்காத ஆளு பேச வந்தா கதவ அடைக்குறாங்க. யாருக்குப் பேச இடம் இல்லையோ அவங்களுக்குச் சகிப்புத்தன்மை வேணும். இடம் கெடைச்சதும் அது மறந்துபோயிடுது."

மண்டபமே கைதட்டியது. கழுதை அணியில் இருந்த ஒருவரே தட்டினார். அவள் தொடர்ந்தாள்.

"அந்தக் கறுப்பு ஜனாதிபதி மொத தடவை தேர்தல்ல நின்னப்போ, கல்யாணம்னா ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவுலதான்னு அவரே சொன்னாரு. நாம எல்லாரும் அன்னைக்கு அவருக்காக அழுதோம். அவர யாரும் கெட்டவன்னு சொல்லல. சில வருஷம் கழிச்சு அவரு மனசு மாறினாரு, கட்சியும் மாறிச்சு. நல்லதுதான். ஆனா அன்னையிலேர்ந்து, இன்னும் மாறாதவங்க எல்லாரும் கெட்டவங்க ஆயிட்டாங்க. ஒரு கட்சிக்கு அத்தனை வருஷம் கொடுத்தோம். ஒரு சாதாரண மனுஷிக்கு எத்தனை நாள் கொடுப்போம்?"

அது பட்டிமன்றப் பேச்சு இல்லை என்று அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும் தெரியும். அவள் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். கைதட்டல் நிற்கவே இல்லை. யானை ஜெயித்துவிட்டது என்பது தெளிவாகத் தெரிந்தது. நான் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் எழுந்து அதை அறிவித்துவிட்டு உட்காருவதுதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. இதை வேறு எப்படிச் சொல்வது? யானைச் சின்னத்துக்கு இருநூறு தமிழர்கள் கைதட்டுகிறார்கள். காரில் என்னிடம் பாடம் கேட்டவள் என் மேடையில் என்னை மடக்கிவிட்டாள். எழுந்து தீர்ப்புச் சொல்லத் தொடங்கினேன்.

"நல்லாய்க் கதைச்சா. சாதாரண மனிசிக்கு எத்தனை நாள் எண்டு கேட்டா. நான் சொல்லுறன். பெத்த பிள்ளை தான் ஆரெண்டு வாய்விட்டுச் சொன்னாப் பிறகும், அந்தப் பிள்ளையோட முகம் குடுத்துக் கதைக்கேலாத ஆக்கள், மேடையிலை வந்து எங்களுக்குச் சகிப்புத்தன்மை படிப்பிக்கக் கூடாது. முதலிலை வீட்டைப் பாக்கட்டும். தீர்ப்பு, கழுதைக்கே."

முதலில் சிரித்தார்கள். நான் சொன்னது ஜோக் என்று நினைத்துவிட்டார்கள். பிறகு ஒரு பக்கத்திலிருந்து சிரிப்பு அடங்கியது. மலேசியர் வரிசையில் ஒரு பெண் இன்னொருத்தியின் காதில் எதையோ சொன்னாள். என் சினேகிதிக்கு ஒரே மகள். அந்த மகள் ஒரு வருடமாக எந்த விழாவுக்கும் வரவில்லை. கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவள் மேடை நாற்காலியில் கையைக் கோர்த்துக்கொண்டு நேரே உட்கார்ந்திருந்தாள். நினைவுப் பரிசு கொடுத்தபோது எழுந்து வந்து வாங்கிக்கொண்டாள், எனக்கு வணக்கமும் வைத்தாள்.

அன்று இருவரும் அவள் காரில்தான் வந்திருந்தோம். என்னை விட்டுவிட்டுப் போயிருக்கலாம், போகவில்லை. என் வெறும் பொங்கல் பானையைப் பின் சீட்டில் ஏற்ற உதவி செய்தாள். என் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"திங்கட்கிழமையிலேர்ந்து நான் தனியா போயிக்கிறேன்க்கா."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. "உமக்கு விருப்பமெண்டால் போம்" என்று இறங்கினேன். அவளுக்குக் கோபம் வர என்ன இருக்கிறது, நான் அவளுடைய மகளுக்காகத்தானே பேசினேன் என்று எனக்குள் ஒரு நியாயம் கட்டி வைத்திருந்தேன். அந்த நியாயம் ஏறக்குறைய ஒரு வருடம் தாக்குப் பிடித்தது. தனியாகக் கார் ஓட்டினேன். ரேடியோவில் அமெரிக்கா வரும், பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்ப்பேன். கழுதையின் பக்கம் எது சொன்னாலும் நல்லதாகவும் யானையின் பக்கம் எது சொன்னாலும் கெட்டதாகவும் எனக்குக் கேட்டது. மறுத்துச் சொல்ல ஆள் இல்லாதபோது என் கருத்துகள் எனக்கே அலுத்துப்போயின. ஆனாலும் தொலைபேசியை எடுக்க மனம் வரவில்லை. வீம்புக்கு என்னிடம் பஞ்சமே கிடையாது.

பிறகு ஒரு நாள் எங்கள் கம்பனியின் இன்னொரு கிளையில் பயிற்சிக்காக ஹென்டர்சன் போனேன். மதிய இடைவேளையில் அங்குள்ள கடைத்தொகுதியில் சாப்பிட உட்கார்ந்தபோது, "ஆன்ட்டி" என்று ஒரு குரல். அவளுடைய மகள். பக்கத்தில் குட்டை முடி வெட்டிய ஒரு மாவோரிப் பெண். மகள் என்னைத் தன் துணைக்கு அறிமுகப்படுத்தினாள். அந்தப் பெண் கைகுலுக்கிவிட்டு, காப்பி வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனாள்.

"உங்கட அம்மா எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டேன். இங்கே பிறந்த பிள்ளை, ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னாள். கோபம் இல்லாமல், தெரிந்தவர்களிடம் வீட்டுச் செய்தி சொல்வதுபோலவே சொன்னாள்.

அந்தப் பட்டிமன்றத்துக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அம்மா இருவரையும் முந்தின வாரமே அழைத்திருந்தாராம். முதல் தடவை. இருவரும் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சபைப் பெண்கள் நாலு பேர் வேதப் புத்தகத்தோடு வாசலில் வந்து நின்றார்களாம். மண்டபத்தில் கேள்விப்பட்டோம், உன் மகளுக்காக ஜெபிக்க வந்திருக்கிறோம் என்றார்களாம். அம்மா எழுந்து போய், பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள், இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு வந்து, மகளின் துணைக்கு இரண்டாம் தடவை சோறு போட்டாராம். இருபது வருடம் போன சபைக்கு அதன் பிறகு போகவில்லையாம். இப்போது ஞாயிறுகளில் வீட்டிலேயே இருக்கிறாராம்.

"அண்டைக்கு நான் உனக்காகத்தான் கதைச்சனான், பிள்ளை" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"தெரியும் ஆன்ட்டி, அம்மாவும் அப்படித்தான் சொன்னார்" என்றாள் அவள். அவள் துணை காப்பியோடு வந்தாள். நான் எழுந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை காலை அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். இரண்டு நிமிட நடைதான், ஒரு வருடமாக அந்தத் தெருவால் போகவில்லை. கதவைத் திறந்தவள், "வாங்கக்கா" என்று வழி விட்டாள். கூடத்தில் அந்த இரண்டு பெண்களும் சிரிக்கும் படம் ஒன்று சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

உட்காராமல் நின்றபடியே சொன்னேன். "நான் உமக்குச் செய்தது பெரிய பிழை. நீர் நம்பிச் சொன்னதை நான் மேடையிலை எடுத்து வித்தனான். எனக்காக நிண்டு கதைச்சதுக்கு நீர் கேட்டது ரெண்டே வரி. அதைக்கூட நான் சொல்லேல்ல. தாளிலை எழுதியிருந்தது, தெரிஞ்சுதான் விட்டனான். என்னை மன்னியும்."

"விடுங்கக்கா" என்றாள். "அதெல்லாம் முடிஞ்சுபோச்சு. நான் மனசுல வெச்சுக்கல. உக்காருங்க, தேத்தண்ணி போடுறேன்."

உண்மையாகத்தான் சொன்னாள் என்று நம்புகிறேன். பொய் பேசுகிறவள் இல்லை அவள். தேநீர் வந்தது, பிஸ்கட் வந்தது. என் முழங்கால் வலி எப்படி என்று விசாரித்தாள். வேலையில் புது முகாமையாளர் எப்படி என்று கேட்டாள். நான் அவளுடைய தோட்டத்தைப் பற்றிக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இதமாகப் பதில் சொன்னாள். மன்னிப்புக் கிடைத்த நிம்மதியில் எனக்குப் பழைய உற்சாகம் வந்தது. எப்படியாவது அவளைப் பேச வைக்க வேண்டும் போலிருந்தது. சமையலறை ரேடியோவில் மெல்லிய குரலில் அமெரிக்கச் செய்தி போய்க்கொண்டிருந்தது. வேண்டுமென்றே, முழுப் பிழை என்று எனக்குத் தெரிந்த, அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன்.

"என்ன சொன்னாலும், அந்தக் கழுதைக் கட்சி தொடங்கின நாளிலையிருந்து எளிய சனத்தின்ரை பக்கம்தான் நிண்டது, என்ன?"

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தேன். தண்ணீர்க் குழாயை இழுப்பாள், தெற்கத்தியரை இழுப்பாள், என்னை உட்கார வைத்து ஒரு பிடி பிடிப்பாள் என்று ஆசைப்பட்டேன். அவள் என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள்.

"ஆமாக்கா" என்றாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."